ஏறும்போது வியர்க்கும்… நின்றால் நடுங்கும்! மலையேறுபவர்கள் பையில் குளிர் ஜாக்கெட் ஏன் கட்டாயம் இருக்கணும்?

திருச்சி மலைக்கோட்டையில் ஒரு ஏப்ரல் மாலை. மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, தாயுமானவர் சன்னதியைத் தாண்டி, நானூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி உச்சிப்பிள்ளையார் கோயிலுக்கு வந்து சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். அந்த நேரம் பார்த்து காவிரிப் பக்கமிருந்து ஒரு காற்று வரும் பாருங்க… ஜில்லுன்னு இருக்கும். கீழே தெப்பக்குளத்தில் அனலாகக் கொதித்த அதே ஊர்தானா இதுன்னு தோணும்.

அந்தக் காற்றில் பெரிய குளிர்ச்சி எதுவும் இல்லை. சட்டையில் இருக்கும் வியர்வை காய்கிறது. காய்வதற்கான வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

மலைக்கோட்டைப் பாறையின் உயரம் 83 மீட்டர். அங்கே இது சுகம். இதே சட்டை, இதே வியர்வை, இதே காற்று… ஆனால் இடம் 6,000 அடி உயரம், நேரம் அதிகாலை 3 மணி என்றால்? அங்கேதான் பிரச்னை ஆரம்பிக்கிறது.

திருச்சிக்காரரிடம் போய் "பையில ஒரு ஜாக்கெட் வச்சுக்கோங்க" என்று சொன்னால் சிரிப்பார். ஜாக்கெட் என்றாலே முதலில் ரவிக்கைதான் நினைவுக்கு வரும் ஊர் இது. மார்கழியில் ஸ்ரீரங்கம் கோயிலுக்கு விடியற்காலையில் கிளம்பும் பெரியவர்கள் மங்கி குல்லாவும் மப்ளரும் போட்டுக்கொள்வதுதான் இங்கே அதிகபட்ச குளிர்காலம். பலர் வீட்டில் குளிர் ஜாக்கெட்டே கிடையாது. ஆனால் இதே ஊர்க்காரர்கள்தான் வெள்ளியங்கிரிக்குப் போகிறார்கள், அமர்நாத் போகிறார்கள், முக்திநாத் போகிறார்கள்.

வெள்ளியங்கிரியில் எவ்வளவு குளிரும்?

திருச்சியிலிருந்து கரூர் வழியாகக் கோவை 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அங்கிருந்து மேற்கே போனால் பூண்டி, வெள்ளியங்கிரி மலையின் அடிவாரம். வழக்கமாக பிப்ரவரியிலிருந்து மே வரைதான் வனத்துறை பக்தர்களை மலையேற அனுமதிக்கிறது. சிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் கூட்டம் அலைமோதும். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலானவர்கள் ராத்திரியில்தான் ஏறுவார்கள். கையில் மூங்கில் தடி, நெற்றியில் டார்ச், இடுப்பில் வேட்டி, மேலே ஒரு பருத்தி பனியன். பல பேருக்கு அவ்வளவுதான் உடை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உயரே போகப் போக வெப்பநிலை குறையும். தோராயமாக ஒவ்வொரு 1,000 அடிக்கும் 2 டிகிரி. திருச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 அடி உயரத்தில் இருக்கிறது. வெள்ளியங்கிரி ஏழாவது மலை சுமார் 6,000 அடி. வித்தியாசம் 5,700 அடி, அதாவது கிட்டத்தட்ட 11 டிகிரி. மார்ச் மாத நள்ளிரவில் திருச்சியில் 24 டிகிரி என்றால், மலை உச்சியில் 13 டிகிரி பக்கம் இருக்கும்.

"13 டிகிரி தானே? ஊட்டியில இதைவிட குளிருமே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உலர்ந்த உடையில், வயிறு நிறையச் சாப்பிட்டு, காற்று வீசாத இடத்தில் நிற்பவருக்கு 13 டிகிரி ஒன்றும் செய்யாது. ஏழு மலை ஏறி வந்தவர் அந்த நிலையில் இருக்க மாட்டார் என்பதுதான் சிக்கல்.

உடம்பு ஒரு அடுப்பு மாதிரி

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிவது மாதிரி. செங்குத்தான படிகளில் ஏறும்போது இது ஐந்து, ஆறு மடங்காகிவிடும். அதனால்தான் வெள்ளை விநாயகர் கோயிலைத் தொடுவதற்குள்ளேயே வேர்த்துக் கொட்டுகிறது. அந்த நேரத்தில் பனியன் மட்டும் போட்டிருப்பது தப்பே இல்லை. சொல்லப்போனால் அதுதான் சரி.

ஆனால் நின்ற அடுத்த நிமிடம் அடுப்பின் தீ குறைய ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் 100 வாட். வியர்வை மட்டும் அப்படியே துணியில் இருக்கும்.

நனைந்த பனியனிலும் சட்டையிலும் 200 மில்லி வியர்வை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு டம்ளர் தண்ணீர் அளவு. இதை முழுக்க உடம்புச் சூட்டாலேயே காய வைக்க வேண்டும் என்றால், ஓய்வில் இருக்கும் உடல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் உற்பத்தி செய்யும் மொத்த வெப்பமும் அதற்கே போய்விடும். போதாக்குறைக்கு, தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தோலோடு ஒட்டிய ஈரத்துணி உடம்புச் சூட்டை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் காற்றும் சேர்ந்தால் தோலைச் சுற்றியிருக்கும் கொஞ்ச நஞ்ச வெதுவெதுப்பும் பறந்துவிடும்.

ஆக, குளிர் தாக்குவது ஏறும்போது இல்லை. நிற்கும்போது, உட்காரும்போது, வரிசையில் காத்திருக்கும்போது.

பாறை ஏறுபவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

கயிறு கட்டிப் பாறை ஏறுபவர்களுக்கு இந்த விஷயம் அத்துப்படி. அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் எல் கேபிடன் என்று ஒரு கருங்கல் சுவர் இருக்கிறது. உயரம் சுமார் 900 மீட்டர். நம்ம மலைக்கோட்டைப் பாறையைப் போல் பதினொன்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவோ, அவ்வளவு. பெரும்பாலானோர் இதில் ஏற இரண்டு, மூன்று நாட்களுக்கு மேல் எடுத்துக்கொள்கிறார்கள். பாறையிலேயே தொங்கியபடி தூங்குகிறார்கள்.

இப்படி ஏறும்போது இருவரும் ஒரே நேரத்தில் ஏறுவதில்லை. ஒருவர் ஏறுவார், மற்றவர் கீழே கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நிற்பார். சில நேரம் ஒரு மணி நேரம்கூட ஆகும். சற்று முன்புவரை வேர்த்துக்கொண்டு ஏறியவர், இப்போது நிழலில், காற்றில், ஒரு சின்ன விளிம்பில் சும்மா நிற்கிறார். நடுங்கும் கையால் கயிறு பிடித்தால் மேலே இருப்பவர் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் கயிறு பிடிக்கும் நேரத்துக்கென்றே ஒரு பஞ்சடைத்த ஜாக்கெட்டைச் சுருட்டி, இடுப்புப் பட்டையில் மாட்டியோ, பின்னால் வருபவரின் சின்னப் பையில் வைத்தோ எடுத்துப் போகிறார்கள். காலையில் கிளம்பும்போது வானம் பளிச்சென்று இருந்தாலும் சரி. நின்றதும் போடுவார்கள். ஏறத் தொடங்கும் முன் கழற்றி உள்ளே வைப்பார்கள்.

இது வீண் சுமை என்று நினைப்பவர்கள் அங்கேயும் உண்டு. ஜாக்கெட் மட்டும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2004 அக்டோபரில் எல் கேபிடனில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் திடீர்ப் பனிப்புயலில் சிக்கினார்கள். ஜப்பானைச் சேர்ந்த இருவர் விழுந்து இறக்கவில்லை. பாறையிலேயே குளிரில் உயிரிழந்தார்கள்.

பஞ்சடைத்த ஜாக்கெட் பிறந்த கதையும் இதே மாதிரிதான். அமெரிக்காவின் சியாட்டிலில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தவர் எடி பாவர். 1930-களில் ஒரு குளிர்கால மீன்பிடிப் பயணம். பிடித்த மீன்களைச் சுமந்துகொண்டு செங்குத்தான சரிவில் ஏறியிருக்கிறார். உடை நனைந்து, களைத்து உட்கார்ந்தவர் குளிரில் அரைமயக்கத்துக்குப் போய்விட்டார். கூட வந்த நண்பர் காப்பாற்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் வாத்தின் மெல்லிய தூவியைக் கட்டம் கட்டமாகத் தைத்த ஜாக்கெட்டை உருவாக்கி, 1940-ல் காப்புரிமை வாங்கினார்.

சுனையில் குளியல்: இங்கேதான் கூடுதல் ஆபத்து

பாறை ஏறுபவர்களுக்கு இல்லாத ஒரு ஆபத்து நம்ம ஊர் பக்தர்களுக்கு இருக்கிறது. அதுதான் மலை மேல் குளியல்.

வெள்ளியங்கிரியில் ஆறாவது மலையில் ஆண்டி சுனை இருக்கிறது. கடைசி மலை ஏறுவதற்கு முன் அதில் குளிப்பது பலரின் வழக்கம். தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு காற்றில் நடந்து, மேலே வரிசையில் நின்று, சூரிய உதயம் வரை காத்திருப்பவர்களும் உண்டு. வியர்வை ஈரம் ஒரு டம்ளர் என்றால், இது ஒரு சொம்பு.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 108 திவ்ய தேசங்களில் முதலாவது ஸ்ரீரங்கம். அதே பட்டியலில்தான் 10,000 அடிக்கும் மேலே இருக்கும் பத்ரிநாத்தும், நேபாளத்தில் 12,000 அடிக்கும் மேலே இருக்கும் சாளக்கிராமம் என்கிற முக்திநாத்தும் வருகின்றன. பத்ரிநாத்தில் குளிக்க வெந்நீர் ஊற்று இருக்கிறது. முக்திநாத்தில் அந்தக் கருணை கிடையாது. அங்கே இருப்பது பனிமலைத் தண்ணீர் கொட்டும் 108 தாரைகள். அத்தனையிலும் தலை நனைத்துவிட்டுத்தான் பெருமாளைச் சேவிப்பார்கள். 1,000 அடிக்கு 2 டிகிரி கணக்கை இங்கே போட்டால், உயரத்தால் மட்டுமே 24 டிகிரி குறையும். இமயத்தின் பனிக்காற்று தனி.

இந்த யாத்திரைகளில் அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள் நிறைய பேர். வயது ஆக ஆக, குளிர்வதை உடம்பு உணர்வதும் தாமதமாகும், நடுங்கிச் சூடேற்றும் திறனும் குறையும். "எனக்கொண்ணும் குளிரலையேப்பா" என்று தாத்தா சொன்னால் அதை முழுசா நம்பிவிடக் கூடாது. தொட்டுப் பாருங்கள்.

2024 சீசனில் வெள்ளியங்கிரியில் பக்தர்கள் அடுத்தடுத்து உயிரிழந்தது பெரிய செய்தியானது. இதயக் கோளாறு, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மலையேற வேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். அந்த உயிரிழப்புகளுக்குக் குளிர்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் குளிரில் ரத்த நாளங்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், ஏற்கெனவே மலையேறிக் களைத்த இதயத்துக்கு வேலை கூடும். இதயப் பிரச்னை உள்ளவர்களுக்கு ஜாக்கெட் ஒரு தீர்வே இல்லை. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

குளிரே நேரடியாக உயிரைப் பறித்த சம்பவம் அமர்நாத்தில் நடந்தது. 1996 ஆகஸ்ட் மாதம் திடீரென்று மழையும் பனிப்புயலும். வழியில் சிக்கிக்கொண்ட யாத்ரீகர்களில் 240-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஆகஸ்ட் மாதம் என்பதைக் கவனிக்கணும். குளிர்காலமே இல்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் யாத்திரைக்கு எத்தனை பேரை அனுப்பலாம், யாரை அனுப்பலாம் என்ற கட்டுப்பாடுகள் பேசப்பட்டன. இன்றைக்கும் அமர்நாத் போகிறவர்களிடம் கம்பளி உடையும் ரெயின்கோட்டும் எடுத்து வரச் சொல்கிறார்கள்.

சரி, எந்த ஜாக்கெட்?

முதலில் ஒரு விஷயம் புரியணும். ஜாக்கெட் சூடு தராது. உடம்பிலிருந்து வெளியே போகும் சூட்டைத் தடுத்து நிறுத்தும். அதையும் செய்வது துணி இல்லை, துணிக்குள் அடைபட்டிருக்கும் காற்று. மழை நாளில் புறா உடம்பை உப்ப வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அதே வேலைதான். அதனால் கனமாக இருக்கும் ஜாக்கெட்டைவிட உப்பலாக இருக்கும் ஜாக்கெட் நல்லது. நல்ல ஜாக்கெட் அரை கிலோவுக்குள் கிடைக்கும், சுருட்டினால் ஒரு தண்ணீர் பாட்டில் அளவுக்கு அடங்கும்.

வாத்துத் தூவி அடைத்த டவுன் ஜாக்கெட்தான் எடைக்கு எடை அதிகக் கதகதப்பு தரும். ஆனால் விலை கூடுதல், நனைந்தால் தூவி ஒட்டிக்கொண்டு உப்பல் போய்விடும். பாலியஸ்டர் பஞ்சு அடைத்தது கொஞ்சம் கனம், ஆனால் ஈரமானாலும் ஓரளவு வேலை செய்யும், விலையும் குறைவு. வியர்வை, சுனைக் குளியல், மலைப்பனி என்று ஈரத்தோடு பழகும் நம்ம பக்தர்களுக்கு இரண்டாவதுதான் பொருத்தம்.

ஜாக்கெட் வாங்க வசதிப்படவில்லையா? வீட்டில் இருக்கும் கம்பளி ஸ்வெட்டர், அதற்கு மேலே காற்றைத் தடுக்க ஒரு ரெயின்கோட். வெள்ளியங்கிரிக்கு இதுவே தாராளம். ஸ்வெட்டர் மட்டும் போட்டால் காற்று ஊடுருவும், ரெயின்கோட் மட்டும் போட்டால் காற்று அடைபட இடமில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் பலன். ஜீன்ஸும் கனமான பருத்தி ஹூடியும் மட்டும் வேண்டவே வேண்டாம். தண்ணீரைக் குடித்துவிட்டு காயவே காயாது.

ஜாக்கெட்டைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: ஒரு உலர்ந்த மாற்று பனியன். ஈர பனியனுக்கு மேல் ஜாக்கெட் போட்டால் பாதிப் பயன்தான். தண்ணீர் புகாத பையில் பனியன், துண்டு, ஜாக்கெட் மூன்றையும் சுற்றி, பையின் மேல்பக்கத்தில் வைக்கணும். அடியில் வைத்தால் இருட்டில் பிரசாதம், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுத் தேட வேண்டி வரும். அந்தச் சோம்பலிலேயே பல பேர் போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

போடும் நேரம்தான் இதில் சூட்சுமம். குளிர ஆரம்பித்த பிறகு போட்டால், ஏற்கெனவே ஆறிப்போன உடம்பைத்தான் மூடுகிறீர்கள். ஆறிப்போன காபியை ஃபிளாஸ்க்கில் ஊற்றினால் சூடாகுமா? உட்கார்ந்ததும், அடுப்பு அணைவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். மறுபடி ஏறுவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளேயே வேர்த்து ஜாக்கெட்டும் ஈரமாகிவிடும்.

குளிருக்குத் தீ மூட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை காடு காய்ந்து கிடக்கும் காலம். இன்னொன்று: இந்த ஜாக்கெட்டுகளின் வெளித்துணி நைலான் அல்லது பாலியஸ்டர். சின்னப் பொறி பட்டாலே உருகி ஓட்டை விழும், தோலிலும் ஒட்டும். கற்பூரம் காட்டும் இடத்தில் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

கூட வந்தவர் பேச்சு குளறினால்…

உடலின் உள்வெப்பம் வழக்கமாக 37 டிகிரியை ஒட்டி இருக்கும். அது 35 டிகிரிக்குக் கீழே போனால் அதற்குப் பெயர் ஹைப்போதெர்மியா. முதலில் நடுக்கம். அடுத்து பட்டன் போட முடியாமல் விரல் தடுமாறும், வார்த்தை குளறும், கால் பின்னும். இருட்டில் பார்த்தால் களைப்பு மாதிரியோ, குடித்தவர் மாதிரியோதான் தெரியும். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடாகாமலேயே நடுக்கத்தை நிறுத்தினால் "சரியாயிடுச்சு" என்று நினைக்கக் கூடாது. நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அப்படி ஒருவரைப் பார்த்தால் முதலில் காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, தலையையும் மூடுங்கள். வெறும் பாறையில் உட்கார வைக்காதீர்கள். பாறை சூட்டை உறிஞ்சும். பையையோ, கம்பளியையோ அடியில் போடுங்கள். நல்ல நினைவோடு இருந்து, விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம். கை கால்களைப் பரபரவென்று தேய்ப்பது தவறு, "ஒரு பெக் போட்டா சூடாயிடும்" என்பது அதைவிடத் தவறு. மது தோலுக்கு ரத்தத்தை அனுப்பி, இருக்கும் சூட்டையும் வெளியேற்றிவிடும். பேச்சு குளறும் நிலைக்கு வந்துவிட்டவரைத் தனியாகக் கீழே நடக்க விடாதீர்கள். வழியில் இருக்கும் வனத்துறையினருக்குத் தகவல் சொல்லி, 108-ஐ அடிவாரத்துக்கு வரவழையுங்கள். மேலே செல்போன் சிக்னல் கிடைப்பது அதிர்ஷ்டம், அதனால் கூட்டத்தில் ஒருவரை ஆளனுப்புவதுதான் நிச்சயமான வழி.

புதிதாக ஜாக்கெட் வாங்கியவர்கள் பயணத்துக்கு முன் ஒரு நாள் சாயங்காலம் அதைப் பையில் வைத்துக்கொண்டு மலைக்கோட்டை ஏறிப் பார்க்கலாம். உச்சிப்பிள்ளையார் கோயில் வெளியே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பையிலிருந்து எடுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகிறது, ஜிப் எங்கே சிக்குகிறது, கை நீளம் போதுமா, உள்ளே இன்னொரு ஸ்வெட்டருக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இரண்டே நிமிடத்தில் உள்ளே வேர்க்க ஆரம்பிக்கும். அப்படி வேர்த்தால் ஜாக்கெட் சரியாக வேலை செய்கிறது.